நிரந்தர வெங்காய விதைப் பாக்கெட்டுகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒருமுறை நட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டே இருக்கலாம் என்ற வாக்குறுதியோடு இணையக் கடைகளில் வரிசையாக விதைப் பாக்கெட்டுகள் வருகின்றன: சைவ்ஸ், கார்லிக் சைவ்ஸ், பன்ச்சிங் ஆனியன், சைபீரியன் சைவ்ஸ், ராம்ப்ஸ், நடக்கும் வெங்காயம். தமிழ்நாட்டுச் சமவெளியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவருக்கு இவற்றில் முழுக் காசும் பெறுவது கார்லிக் சைவ்ஸ் ஒன்றுதான். பன்ச்சிங் ஆனியன் ரகம் பார்த்து வாங்கினால் பரவாயில்லை. சாதாரண சைவ்ஸ் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஆட்களுக்கு. மீதியை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறோம்; பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

கம்பெனி பெயரை விட்டுவிட்டுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு. தக்காளி, கத்தரி விதை நான்கைந்து வருடம் கிடந்தாலும் முளைக்கும்; இவை சாதாரண அறை வெப்பத்தில் ஒரு கோடையைக் கடந்தாலே பாதி செத்துவிடும். ஆகவே முளைப்புத்திறன் சோதித்த தேதி இல்லாத பாக்கெட்டை, எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும், தொடவே வேண்டாம். இந்தியாவில் சான்று பெற்ற வெங்காய விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். காற்றுப் புகாத உறையில் அடைத்தால் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சைவ்ஸ் வகைகள் சான்று முறைக்குள் வருவதில்லை என்றாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வெறும் காகித உறையிலோ ஜிப் கவரிலோ வரும் விதை, அதுவும் கடலோர ஊர்க் கடையில் தொங்கிய விதை, இந்த ஈரப்பதத்தில் நிற்காது. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய உறை என்றால் ஒரு மதிப்பெண் கூடுதல்.

அடுத்து எண்ணிக்கை. "100 விதை" என்பது சைவ்ஸில் ஒன்றுமே இல்லை. ஒரு கிராம் சைவ்ஸ் விதையில் ஏறக்குறைய 900 விதை இருக்கும். பன்ச்சிங் ஆனியனில் 400-ஐ ஒட்டி. கார்லிக் சைவ்ஸில் 250-தான், ஏனென்றால் அதன் விதை பெரியது. சைவ்ஸைக் கொத்தாகத்தான் விதைக்க வேண்டும், கொத்துக்கு 8 முதல் 10 விதை. நூறு விதை வாங்கினால் பத்துக் கொத்து. முளைக்காதது, அழுகுவது போக ஒரு தொட்டிதான் தேறும். கிராம் கணக்கில் விற்பவரிடம் வாங்குவது எப்போதும் மலிவு.

கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை எளிது. இருபது விதையை நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளில் பரப்பி, மடித்து, ஜிப் கவரில் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான இருட்டு மூலையில் வையுங்கள். பதினான்காம் நாள் எண்ணுங்கள். 14-க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. 8-க்குக் கீழே என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுலபமாக முடியும். இடைப்பட்டது என்றால் இரட்டிப்பாக விதைத்துச் சமாளிக்கலாம்.

கார்லிக் சைவ்ஸ்: ஐந்துக்கு நாலரை

சைனீஸ் சைவ்ஸ் என்றும் விற்பார்கள். தாவரப் பெயர் அல்லியம் டியூபரோசம். இலை குழலாக இராது. தட்டையாக, புல் போல இருக்கும். கசக்கினால் பூண்டு வாசம். மலேசியத் தமிழர்களுக்கு இது குச்சாய். சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், சுச்சூர் ஊடாங் எனும் இறால் பஜ்ஜி மாவில் விழும். மணிப்பூரில் மரோய் நகுப்பி என்ற பெயரில் வீட்டுக்கு வீடு வளர்க்கிறார்கள். பூர்வீகம் சீனா. ஆனால் இதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆள் நமக்கு அந்நியரில்லை: 'ராட்லர் எக்ஸ் ஸ்ப்ரெங்கல், 1825', அதாவது ராட்லர் வைத்த பெயரை ஸ்ப்ரெங்கல் வெளியிட்டார். தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836-இல் இறந்த அதே ராட்லர், தமிழ் அகராதி தொகுத்தவர்தான்.

வெயில் தாங்கும் என்பதுதான் இதன் முதல் பலம். கோடையில் மதியத்துக்கு மேல் 50 சதவீத நிழல்வலை கொடுத்தால் சித்திரையையும் தாண்டிவிடும். இரண்டாவது பலம், அறுக்க அறுக்கத் தழைக்கும். வேரோடு சேர்ந்த கிழங்குத் தண்டில் உணவைச் சேமித்து வைக்கிறது.

அரை மதிப்பெண் குறைத்தது பொறுமைக்காக. விதையிலிருந்து வந்த செடி முதல் ஆறு மாதம் பார்க்கச் சகிக்காது. இலை இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. பாக்கெட் படத்தில் இருக்கும் அகன்ற தாள் இரண்டாம் வருடத்துச் செடியுடையது. புல் முளைத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் ஏராளம். கோரையோடு குழப்பம் வந்தால் அடித்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள்: கோரை முக்கோணமாக உறுத்தும். இதைவிட முக்கியமான குழப்பம் ரெயின் லில்லி. ஒரே மாதிரித் தட்டை இலை, ஒரே மாதிரித் தொட்டி, பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் அது நச்சு. கிள்ளினால் பூண்டு வாசம் வராத எதையும் சட்டியில் போடக் கூடாது. இரண்டையும் ஒரே தொட்டியில் நடுவதை விட்டுவிடுவதே நல்லது.

விதைப்பு முறை கீழே. முளைத்து எட்டு வாரம் கழித்து, நாற்று 10, 12 சென்டிமீட்டர் வந்ததும் பன்னிரண்டு அங்குலப் பைக்கு நான்கு கொத்து வீதம் நடலாம். கலவை: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. முதல் அறுவடையை நட்டு நான்கு மாதம் வரை தள்ளிப்போடுங்கள். கை துறுதுறுக்கும், ஆனால் முதல் சில மாதங்களில் அறுத்தால் கிழங்குத் தண்டு தடிக்காது, செடி கடைசிவரை நூலாகவே நிற்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மண்ணிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு, கூரான கத்தியால் மொத்தமாக அறுக்கலாம். இங்கொன்று அங்கொன்றாகக் கிள்ளினால் வயதான தாள் நார்ப்பிடித்து நிற்கும். அறுத்த பிறகு வெட்டுவாயில் தண்ணீர் படாமல் இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை ஒரு லிட்டரில் இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து. புண்ணாக்கை அப்படியே மேலே தூவினால் சின்னக் கொசுப் பூச்சிகள் முட்டையிட்டு, அதன் புழு இளம் வேரைத் தின்னும்.

அறுத்த கையோடு மேலே ஒரு ஒளிபுகாத தொட்டியைக் கவிழ்த்து மூன்று வாரம் வைத்தால் மஞ்சள் தாள் கிடைக்கும். சீனச் சமையலில் இதற்குத் தனி மதிப்பு; இனிப்பும் மென்மையும் கூடும். ஆனால் இருட்டில் வளர்ந்த தாள் முழுக்கச் சேமிப்பைத் தின்று வந்தது. அடுத்த இரண்டு முறையாவது பச்சையாக வளரவிட்டு அறுக்காமல் இருந்தால்தான் கொத்து மீளும். பூத்தண்டு வந்தால் மொட்டாக இருக்கும்போதே ஒடித்துச் சமையுங்கள். விதை கொட்டவிட்டால் பக்கத்துத் தொட்டியெல்லாம் இதுவே முளைக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து நட்டால் அதற்குப் பிறகு விதைக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

முளைக்கவைப்பது, அதாவது பெரும்பாலோர் தோற்கும் இடம்

எல்லா வகைக்கும் அடிப்படை ஒன்றுதான். ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், 18 முதல் 25 டிகிரிக்குள் மண் இருக்கும்போது விதைப்பது சிறந்தது. மண் 30 டிகிரிக்கு மேல் சூடானால் சைவ்ஸ் விதை முளைக்காமல் கிடக்கும், கிடந்தபடியே அழுகும். சித்திரை வைகாசியில் விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போடும் விமர்சனங்களில் பாதி இந்த வகை.

ஐம்பது குழித் தட்டு போதும். கோகோபீட்டை வாங்கியபடியே நிரப்பாதீர்கள். அதில் உப்பு இருக்கும். வெங்காயக் குடும்பம் உப்புக்கு மிகவும் பயந்தது. வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மூன்று முறையாவது செய்யுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் நாற்றுக்கு மட்டுமாவது மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ விடுவது நல்லது. இலை நுனி காய்ந்து பழுப்பாகிக்கொண்டே வந்தால் நோய் என்று மருந்து தேடுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. கிலோவுக்கு ஐந்து கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை).

கார்லிக் சைவ்ஸ் விதையை எட்டு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் சீராக முளைக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் ஊறவிட்டால் மூச்சுமுட்டும். சைவ்ஸ், பன்ச்சிங் ஆனியனுக்கு ஊறவைக்கவே தேவையில்லை. குழிக்குச் சைவ்ஸ் 8 முதல் 10, கார்லிக் சைவ்ஸ் 5, பன்ச்சிங் ஆனியன் 3 அல்லது 4. ஆழம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஒரு சென்டிமீட்டருக்குள். மேலே தூவி விட்டுவிட்டால் வேர் கீழே இறங்காமல் விதையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பகல் வெயிலில் காய்ந்துபோகும். இவை இருட்டில் நன்றாக முளைப்பவை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கறுப்புத் தாள் போர்த்துங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் திறந்து பார்க்க வேண்டும். முதல் முளை தெரிந்ததும் போர்த்திய கறுப்புத் தாளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிறி நீண்டு சாயும்.

முளை வருவதே விசித்திரமாக இருக்கும். நேராக வராது, நடுவில் மடிந்து கொக்கி போல வெளிவரும், கறுப்பு விதைத்தோல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உதவி செய்கிறேன் என்று தோலை உரித்தால் இலை நுனியும் கூடவே வந்துவிடும். அது தானே விழும்.

அடுத்த மூன்று வாரம்தான் ஆபத்து. நாற்றழுகல் என்பது மண்மட்டத்தில் தண்டு சுருங்கி, வரிசையாகச் சாய்வது. பூஞ்சைதான் காரணம்; அதற்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் மேல்மண் ஈரமாகவே கிடப்பது. பூவாளியை ஒதுக்கிவிட்டு, தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கீழிருந்து ஈரம் ஏறும், மேல்பகுதி காய்ந்து இருக்கும். சாய்ந்த குழியைச் சுற்றியிருப்பதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும், அது பரவும்.

நட்ட பிறகு பெரிய எதிரி இலைப்பேன். தாளில் வெள்ளிக் கோடுகள், பிறகு நுனி சுருளும். இலை இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். ஒரு லிட்டருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலத்தில், இடுக்கில் படும்படி அடிக்க வேண்டும். முற்றிப்போனால் மொத்தமாக அறுத்து அப்புறப்படுத்திவிடுவதே வேகமான வழி. அறுத்தாலும் தழைக்கும் செடிக்கு இது ஒரு சலுகை. சாதாரண வெங்காயத்துக்கு அது கிடையாது.

பன்ச்சிங் ஆனியன்: ரகத்தைப் பொறுத்து மூன்று அல்லது ஒன்று

அல்லியம் ஃபிஸ்டுலோசம். கிழங்கே வைக்காது, தடித்த வெள்ளைத் தண்டும் குழல் தாளும்தான். இதில் வாங்குபவர் ஏமாறுவது ரகத்தில். 'இஷிகுரா' போன்ற ஜப்பானிய ரகங்கள் நீண்ட ஒற்றைத் தண்டுக்காகவே தேர்வு செய்யப்பட்டவை, பெரும்பாலும் கிளைக்காது. பிடுங்கிச் சாப்பிட்டால் கதை முடிந்தது. அதில் "நிரந்தரம்" என்று எழுதி விற்பது நியாயமில்லை. 'எவர்கிரீன் ஹார்டி ஒயிட்' வகைதான் பக்கத்தில் குட்டி வைத்துக் கொத்தாகும். கொத்திலிருந்து இரண்டைப் பிடுங்கி, மூன்றை விட்டுவைத்தால் தொடர்ந்து வரும். இதற்கு மூன்று மதிப்பெண்.

இன்னொரு சிக்கல்: வெங்காயத்தாளுக்கு விற்கும் சாதாரண வெங்காய விதையே சிலநேரம் இந்தப் பெயரில் வரும். விதையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒரே கறுப்பு. ஆறு வாரம் கழித்து ஒரு தாளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெங்காயத் தாள் ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டத்தை ஒட்டி இருக்கும். பன்ச்சிங் ஆனியன் முழு வட்டம். சைவ்ஸும் வட்டம்தான், ஆனால் நூல் போல மெல்லியது.

முளைப்பதில் இது எல்லாவற்றையும்விடச் சுலபம், பத்து நாளில் சீராக வந்துவிடும். இரண்டரை மாதத்தில் தாள் அறுக்கலாம். தண்டு வெள்ளையாக வேண்டுமென்றால் வளர வளர மண் அணைக்க வேண்டும். பையில் செய்வதானால் முதலில் பாதிப் பைதான் நிரப்புங்கள்.

சின்ன வெங்காயத்தையே விதையிலிருந்து போட ஆசைப்படுபவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கோவை வேளாண் பல்கலையின் கோ 5 பூத்து விதை வைக்கும் ரகம். தாளுக்காக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் செடி இல்லை என்றாலும், விதை நம்பகமாகக் கிடைக்கிறது.

சைவ்ஸ்: மலையில் நாலு, சமவெளியில் ஒன்றரை

அல்லியம் ஷோனோபிரேசம். ஆம்லெட், உருளைக்கிழங்கு, தயிர்ப் பச்சடி எதற்கும் இதன் மென்மையான வாசத்துக்கு மாற்று இல்லை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இது குளிர்நாட்டுச் செடி. கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனி வரை அறுத்துவிட்டு, கோடையில் போகட்டும் என்று விடத் தயாரானால் சமவெளியிலும் வளர்க்கலாம். கீரை போல ஒரு பருவப் பயிர் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. பாக்கெட்டில் இருக்கும் ஊதாப் பூப்பந்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்; குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அது பூக்கும். பூ இல்லை என்றால் சொந்த விதையும் இல்லை.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இதுவே முதலிடம். உறைபனி விழுந்தாலும் வேர் சாகாது. 'ஸ்டாரோ' ரகம் கிடைத்தால் எடுங்கள், தாள் தடிமன் கூடுதல், நறுக்கி உறையவைக்க ஏற்றது. முதல் வருடம் மூன்று நான்கு முறைக்கு மேல் அறுக்க வேண்டாம்.

மீதமுள்ளவை

சைபீரியன் சைவ்ஸ் என்று வரும் அல்லியம் நியூட்டன்ஸ், அமெரிக்காவின் தலைகவிழ்ந்த வெங்காயம் அல்லியம் செர்னுவம் இரண்டுக்கும் விதையை ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். மலைப்பகுதியில் அரிய செடி சேர்ப்பவர் முயலலாம். சமவெளிக்கு வேண்டாம்.

ராம்ப்ஸ் எனும் அல்லியம் டிரைகாக்கம் இன்னும் மோசம். அதன் விதைக்கு முதலில் சில மாதம் வெதுவெதுப்பு, பிறகு சில மாதம் குளிர் என்று இரட்டை உறக்கம். முளைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம், பிறகு அறுவடைக்குப் பல வருடம். வட அமெரிக்கக் காட்டு நிழலில் இலையுதிர் மட்கில் வளர்வது அது. நம் ஊர் மாடியில் அதற்கு வேலையில்லை. ஐரோப்பியக் காட்டுப்பூண்டான உர்சினம் விதையும் காய்ந்த பாக்கெட்டில் வந்தால் பயன் குறைவு; பறித்த ஈரத்தோடு விதைக்க வேண்டியது.

நடக்கும் வெங்காயம், மர வெங்காயம், எகிப்திய வெங்காயம் என்ற பெயர்களில் "விதை" விற்றால் உடனே மூடிவிட்டுப் போங்கள். அது வெங்காயமும் பன்ச்சிங் ஆனியனும் கலந்த கலப்பு; பூத்தண்டின் உச்சியில் பூவுக்குப் பதில் குட்டிக் குமிழ்கள் வைக்கும், அந்தக் குமிழைத்தான் நட வேண்டும். உறையில் கறுப்பு விதை வந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

விதைத்தது போக மிஞ்சிய விதையை உறையோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, சிலிக்கா ஜெல் பை ஒன்றோ, வாணலியில் வறுத்து ஆறவைத்த அரிசி இரண்டு கரண்டியோ துணியில் கட்டி உள்ளே வைத்து, இறுக மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும் நாளில் புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் விதைமேல் நீர் கோக்கும். இப்படி வைத்தாலும் அடுத்த கார்த்திகைக்கு விதைப்பதற்கு முன் அதே இருபது விதைச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.